வெள்ளைபடுதலா, நீர் கசிவா: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓடவேண்டும்?

முத்தையன்கட்டுப்பிள்ளை
ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 28 கிழமைக் கர்ப்பம், முதல் பிள்ளை. கொஞ்ச நாளாக வெள்ளைபடுதல் கூட. முந்தியும் இருந்ததுதான், ஆனால் இப்போது கட்டி கட்டியாகப் போகிறது. கடி, அரிப்பு தாங்க முடியவில்லை, சலம் போகும்போது வெளிப்பக்கம் எரிகிறது. மணம் ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இல்லை. பிள்ளை நன்றாகத் துடிக்கிறது.

கிளினிக்கில் சொல்லத்தான் போனேன். ஒரே வாங்கில் மாமி, மச்சாள், பக்கத்து வளவு அன்ரி எல்லோரும் இருக்க, மிட்வைப் அக்கா (மருத்துவமாது) கொப்பியைப் பார்த்தபடி "வேறு ஏதும் கரைச்சல் இருக்கா" என்று கேட்கிறார். அந்த வாங்கில் வைத்து இதை எப்படிச் சொல்வது? மாமி இது உடம்புச் சூடு, இளநீர் குடி என்கிறார். இவர் பார்மசியில் கேட்டு ஒரு கப்சூல் வாங்கி வந்திருக்கிறார், ஒன்று போட்டால் போதுமாம். பெயர் புளுகோனசோல் என்று இருக்கிறது. இன்னும் போடவில்லை. போடலாமா? அடுத்த கிளினிக் வரைக்கும் பொறுக்கலாமா?


நெடுங்கேணி மாமி
ஞாயிறு, இரவு 9.41

பிள்ளை, பயப்படாதே. நாங்கள் எல்லோரும் பெற்றவர்கள்தான். வேப்பிலை அவித்த தண்ணீர் ஆறவைத்துக் கழுவு. வெந்தயம் ஊறவைத்துக் குடி. டெற்றோல் இரண்டு சொட்டு விட்டுக் கழுவினால் கிருமி நிற்காது. என்னுடைய மூத்தவளுக்கும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை.


வார்ட்_அக்கா
ஞாயிறு, இரவு 10.15

மாமி, கோபிக்காதீர்கள், டெற்றோல் கதையை இங்கேயே நிறுத்துவோம். பிள்ளைப்பேற்று வார்டில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு எடுத்தவள் நான். டெற்றோல் போட்டுக் கழுவி எரிந்து வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெண்ணின் பிறப்பு வழியில் லக்டோபசிலசு என்ற நல்ல பக்டீரியா இருக்கிறது. அது லக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும், பி.எச். என்ற புளிப்பு அளவில் 4.5க்குக் கீழே. வயலில் நெல் அடர்த்தியாக நின்றால் களைக்கு இடம் கிடைக்காது, அப்படித்தான் இதுவும். டெற்றோல், சவர்க்காரம், உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது எல்லாம் முதலில் நெல்லைத்தான் பிடுங்கும். வேப்பந்தண்ணீர் வெளியே மட்டும் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உள்ளே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

தங்கச்சி, இனி உனக்கு. கர்ப்ப காலத்தில் வெள்ளைபடுதல் கூடுவது இயல்பு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் ஏறுகிறது, இரத்த ஓட்டம் கூடுகிறது. நீர்த்தன்மையாக, வெள்ளையாக அல்லது நிறமில்லாமல், கடியோ கெட்ட மணமோ இல்லாமல் போனால் அதற்கு மருந்தே தேவையில்லை. நீ சொல்வது வேறு. கட்டியாக, கடியோடு, மணமில்லாமல் என்றால் அனேகமாகக் கன்டிடா என்ற பங்கசு, அதாவது பூஞ்சை. கர்ப்பத்தில் அந்த இடத்தில் கிளைக்கோஜன் என்ற சீனிச்சத்துக் கூடுவதால் பங்கசுக்கு நல்ல சாப்பாடு. நீரிழிவு இருந்தால் இன்னும் கூட வரும், ஆகவே உன் சீனி ரிப்போர்ட்டையும் ஒருக்கால் பார்க்கச் சொல்லு. இந்தப் பங்கசால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் நீ ஏன் கடியோடு இருக்கவேண்டும்?

அந்தக் கப்சூலைப் போடாதே. புளுகோனசோல் பங்கசு மருந்துதான், ஆனால் வாயால் விழுங்குவதைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். கருச்சிதைவு கூடுவதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2016இல் டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. கர்ப்பிணிக்குக் கொடுப்பது உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் வில்லை, வழமையாக 7 இரவு. அதையும் நீயாக வாங்காதே. பார்த்துத்தான் தரவேண்டும், ஏனென்றால் எல்லா வெள்ளைபடுதலும் பங்கசு இல்லை.

கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்கவேண்டிய அவசியம் இல்லை. மிட்வைப்பின் தொலைபேசி இலக்கம் கொப்பியின் முன்பக்கத்தில் இருக்கும். இரவில் ஒரு குறுஞ்செய்தி போடு: "அக்கா, தனியாகக் கதைக்கவேண்டும்." அவ வீட்டுக்கு வருவா. வாங்கில் வைத்துச் சொல்லச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை.


லாப்_தம்பி
திங்கள், காலை 6.50

அக்கா சொன்னதோடு ஆய்வுகூடப் பக்கத்தையும் சொல்கிறேன். ஏன் "பார்த்துத்தான்" என்கிறார் என்றால், மூன்று பேர் வெள்ளைபடுதல் என்று வந்தால் மூன்று பேருக்கும் வேறு வேறு நோய் இருக்கலாம்.

ஒருவருக்குப் பங்கசு. இன்னொருவருக்குச் சாம்பல் நிறமாக, மெல்லியதாக, மீன் மணத்தோடு போகும். அது பக்டீரியல் வெஜினோசிஸ். கெட்ட கிருமி வெளியிலிருந்து புதிதாக வந்ததல்ல. லக்டோபசிலசு குறைய, கார்ட்னெரெல்லா போன்ற வேறு பக்டீரியாக்கள் பெருகிவிடும். பி.எச். 4.5க்கு மேலே ஏறும், அதாவது புளிப்புக் குறையும். ஒரு துளி பொட்டாசியம் ஐதரொட்சைட் விட்டால் அந்த மணம் குப்பென்று கிளம்பும், கண்ணாடித் தட்டைத் தூக்கும்போதே தெரியும். மூன்றாமவருக்கு மஞ்சள் பச்சையாக, நுரையாக இருக்கும். நுணுக்குக்காட்டியில் வாலை அடித்துக்கொண்டு ஓடும் ட்ரிகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைப் பார்க்கலாம். ஸ்லைட் ஆறிவிட்டால் ஓடாது, அதனால் எடுத்த உடனே பார்க்கவேண்டும். பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் சாம்பிளில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கடைசி இரண்டுக்கும் மெட்ரோனிடசோல், அதாவது எங்கள் ஆட்கள் பிளஜில் என்று சொல்வது. பங்கசுக்கு அதைப் போட்டால் கடி இன்னும் கூடலாம். மருந்து மாறினால் இதுதான் நடக்கும்.

இன்னொன்று, எரிவு உள்ளே சலம் வரும் வழியிலா, வெளித்தோலில் சலம் படும்போதா என்று கவனியுங்கள். உள்ளே என்றால் சலக் கல்ச்சர், அதாவது சலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யவேண்டும். கர்ப்பிணிகளில் 2 முதல் 10 வீதமானவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே சலத்தில் கிருமி இருக்கும். மருந்து இல்லாமல் விட்டால் அவர்களில் 30 வீதம் வரை சிறுநீரகத்துக்கு ஏறும். அப்போது நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் நோ, வாந்தி.


ஒலுமடு_ரீச்சர்
திங்கள், காலை 7.30

சலத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு விசயம். எங்கள் பக்கம் வயலுக்கும் கச்சான் பிடுங்கவும் போகிற பெண்கள் காலையில் போனால் பின்னேரம்தான் வீடு. நடுவில் மறைவிடம் இல்லை. சலம் வரும் என்று தண்ணீரே குடிக்கமாட்டார்கள். பாடசாலையிலும் ஆசிரியைகள் அப்படித்தான். இதை மருத்துவம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரு மலசலகூடம் கட்டினால் பாதி அன்ரிபயோட்டிக் மிச்சம்.


ஸ்காபரோ_வன்னியாள்
திங்கள், காலை 8.05

இங்கே கனடாவில் 35 முதல் 37 கிழமைக்குள் எல்லோருக்கும் ஜி.பி.எஸ். என்ற கிருமி இருக்கிறதா என்று ஒரு ஸ்வாப், பஞ்சுக்குச்சியால் மாதிரி, எடுப்பார்கள். எனக்கு பொசிட்டிவ் என்று வந்து, பிரசவ வலியின்போது பெனிசிலின் ஏற்றினார்கள். என் தங்கச்சி கிளிநொச்சியில் பிள்ளை பெற்றவள், அவளுக்கு அப்படி ஒன்றும் எடுக்கவில்லை. ஊரில் ஏன் செய்வதில்லை? கவனிப்பு இல்லையா?


வார்ட்_அக்கா
திங்கள், மதியம் 1.10

கவனிப்பு இல்லை என்று உடனே சொல்லாதீர்கள் தங்கச்சி. இங்கிலாந்திலும் எல்லோருக்கும் வழமையாக எடுப்பதில்லை. ஜி.பி.எஸ்., அதாவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகொக்கசு என்ற பக்டீரியா, பெரியவர்களின் குடலிலும் பிறப்பு வழியிலும் சும்மா இருக்கும். உலகம் முழுக்கப் பார்த்தால் கர்ப்பிணிகளில் 10 முதல் 30 வீதமானவர்களிடம் அது இருக்கிறது. தாய்க்கு ஒன்றும் தெரியாது. பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றினால் அரிதாக இரத்தத்தில் கிருமி, நியூமோனியா, மூளைக்காய்ச்சல் வரலாம்.

இங்கே இலங்கையில் நிலைமையைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை. 37 கிழமைக்கு முன் வலி வந்தால், நீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலம் தாண்டினால், வலியின்போது தாய்க்குக் காய்ச்சல் இருந்தால், முந்தைய பிள்ளைக்கு இந்த நோய் வந்திருந்தால், இந்தக் கர்ப்பத்தில் சலத்தில் இந்தக் கிருமி கண்டிருந்தால், வலி நேரத்தில் நாளத்தால் பெனிசிலின். முன்கூட்டியே குளிசை விழுங்கிப் பயனில்லை. பிரசவத்துக்குள் அது திரும்ப வந்துவிடும்.

உங்கள் தங்கச்சி அடுத்த பிள்ளைக்கு விரும்பினால் கேட்டுச் செய்யலாம். ஆனால் என் அனுபவத்தில் வன்னியில் பிள்ளைகள் கஷ்டப்படுவது ஸ்வாப் இல்லாமல் அல்ல, பிந்தி வருவதால்.


மல்லாவி_அப்பா
திங்கள், இரவு 8.55

பிந்தி வருவதைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் கதையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மனிசிக்கு 31 கிழமை. விடிய எழும்பும்போது உடுப்பு நனைந்திருந்தது. சலம் போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், பிள்ளை தலையால் இடிக்கும், போகும்தான் என்று. மனிசி மட்டும் "இது சலம் இல்லை, மணம் வேறு" என்று நின்றாள். ஓட்டோ பிடித்துக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கிருந்து அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. மாங்குளம் சந்தி வரும்வரைக்கும் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

நீர்க்குடம் உடைந்துவிட்டது, ஆனால் வலி இல்லை என்றார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி, எரித்ரோமைசின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை, படுக்கை. பிறகு ஒரு நாள் இரவு அவளுக்குக் காய்ச்சல், பிள்ளையின் இதயத்துடிப்பு 180. டொக்டர் உடனே பிள்ளையை எடுக்கவேண்டும் என்றார். பிள்ளை 33 கிழமையில் பிறந்தான், ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது ஓடித் திரிகிறான். என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தவில்லை. இவ்வளவு மருந்து போட்டும் ஏன் காய்ச்சல் வந்தது? அவள் சுத்தமில்லாமல் இருந்ததாலா என்று என் தாய் இன்னும் கேட்கிறா. அது மனிசிக்குப் பெரிய நோ.


மெடிக்கல்_பொடியன்
திங்கள், இரவு 11.30

அண்ணா, முதலில் அம்மாவுக்குச் சொல்லுங்கள், சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிள்ளை இருக்கும் பை இரண்டு மென்சவ்வால் ஆனது. கீழே கருப்பைக் கழுத்தில் தடித்த சளி அடைத்து நிற்கும். பிறப்பு வழியில் சாதாரணமாக வாழும் கிருமிகளே சில வேளை அந்த அடைப்பைத் தாண்டி மேலே ஏறும். நீர்க்குடத்து நீரில் அடிக்கடி பிடிபடுவது யூரியாபிளாஸ்மா என்ற மிகச் சின்னக் கிருமி, நிறையப் பெண்களிடம் எந்தக் கரைச்சலும் தராமல் இருப்பது.

கிருமி ஏறியதும் உடம்பு அதை எதிர்க்கும். இந்த எதிர்ப்புத்தான் அழற்சி. வெள்ளை அணுக்கள் வந்து சேரும், சைட்டோகைன் என்ற இரசாயனங்கள் சுரக்கும். அவை புரோஸ்டகிளாண்டினைக் கூட்டும். புரோஸ்டகிளாண்டின் என்றால் கருப்பையைச் சுருங்க வைப்பது, வலியைத் தொடங்குவது. அதோடு மென்சவ்வின் கொலாஜனை அறுக்கும் நொதியங்களும் கிளம்பும். சவ்வு மெலிந்து உடையும். ஆகவே நீர்க்குடம் உடைந்ததால் தொற்று வந்ததா, தொற்று இருந்ததால் நீர்க்குடம் உடைந்ததா என்று பல நேரம் பிரித்துச் சொல்லமுடியாது. இரண்டும் நடக்கும். குறைமாதப் பிரசவங்களில் 25 முதல் 40 வீதத்துக்குக் கருப்பைக்குள் தொற்று ஒரு காரணம் என்று கணிக்கிறார்கள். எவ்வளவு முன்னதாகப் பிறக்கிறதோ அவ்வளவு அது கூட.

உங்கள் மனிசிக்கு வந்தது கோரியோஅம்னியோனைட்டிஸ், பனிக்குடத் தொற்று. தாய்க்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல், தாயின் நாடி 100க்கு மேல், பிள்ளையின் துடிப்பு 160க்கு மேல், வயிற்றைத் தொட்டால் நோ, நீரில் கெட்ட மணம். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்றில்லை. எரித்ரோமைசின் தொற்றைத் தள்ளிப்போடும், பிள்ளைக்கு வளர நாள் வாங்கித் தரும், ஆனால் முழுக்கத் தடுக்காது. தொற்று வந்துவிட்டால் நாளத்தால் அன்ரிபயோட்டிக், அதோடு பிள்ளையை வெளியே எடுப்பது. உள்ளே வைத்துக்கொண்டு மருந்தால் மட்டும் சுகப்படுத்த முடியாது. அந்த டொக்டர் செய்தது சரி. 31க்கும் 33க்கும் இடையில் கிடைத்த நாட்களும் நுரையீரல் ஊசியும்தான் உங்கள் மகனுக்குப் பெரிய உதவி.


புதுக்குடியிருப்பான்
செவ்வாய், காலை 9.15

அப்படியானால் ஒரு சின்னக் கேள்வி. கிருமிதான் காரணம் என்றால் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஒரு தடவை அன்ரிபயோட்டிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்ததே?


மெடிக்கல்_பொடியன்
செவ்வாய், மதியம் 12.40

உலகமே அப்படித்தான் நினைத்தது அண்ணா. செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை.

பிரான்சில் 84 ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, பக்டீரியல் வெஜினோசிஸ் இருந்த, வேறு ஆபத்துக் குறைந்த பெண்களுக்கு கிளிண்டமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. குறைமாதப் பிறப்புக் குறையவில்லை. அதனால்தான் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் அந்தப் பரிசோதனை செய்வதில்லை. மணம், கசிவு என்று கரைச்சல் இருந்தால் மருந்து கட்டாயம், அது அந்தப் பெண்ணின் சுகத்துக்காக.

இன்னொன்று ஒராக்கிள் ஆய்வு, 2001. நீர்க்குடம் உடைந்தவர்களுக்கு எரித்ரோமைசின் பயன் தந்தது. அதே ஆய்வில் கோ-அமொக்சிக்ளாவ் கொடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் கூடியது, அதனால் அதை விட்டுவிட்டார்கள். நீர்க்குடம் உடையாமல் குறைமாத வலி மட்டும் வந்தவர்களுக்குக் கொடுத்ததில் பயன் இல்லை. அந்தப் பிள்ளைகளை 7 வயதில் திரும்பப் பார்த்தபோது மூளைவாதம் கொஞ்சம் கூட இருந்தது. அன்ரிபயோட்டிக் பச்சைத்தண்ணீர் இல்லை.

பயன் கண்ட இடமும் உண்டு. 2023இல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உட்பட 7 நாடுகளில் 29 ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம், பிரசவ வலியின்போது ஒரே ஒரு தடவை அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்குக் கிருமி இரத்தத்தில் ஏறுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிள்ளைக்கு வித்தியாசம் இல்லை.


சாரதி_ஒட்டுசுட்டான்
செவ்வாய், மாலை 4.30

இழைக்குள் சம்பந்தமில்லாமல் வருகிறேன். நான் ஓட்டோ ஓடுபவன். இரவில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டால் வருவேன், காசும் பிறகு தரலாம். ஆனால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், உள்ளே பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். வடக்குக்கு 2018இல் வந்தது. இன்னும் சிலர் எனக்குத்தான் முதலில் அடிக்கிறார்கள். முதலில் அங்கே அடியுங்கள், பிந்தும் என்றால் எனக்கு.


கண்ணகி_பக்தை
செவ்வாய், இரவு 7.20

மேலே ட்ரிகோமோனாஸ் என்று தம்பி எழுதினார். கூகிளில் பார்த்தேன், அது பாலியல் நோய் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊர்க் குடும்பப் பெண்களைப் பற்றி இப்படிப் பொதுவெளியில் எழுதுவது சரியா? மருத்துவமாதுகள் புருசனையும் கூட்டி வரச் சொல்கிறார்களாம். குடும்பம் பிரிந்துவிடாதா?


வார்ட்_அக்கா
செவ்வாய், இரவு 8.45

எழுதாமல் விட்டால் கிருமி வெட்கப்பட்டுப் போய்விடுமா தங்கச்சி?

ட்ரிகோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா, சிபிலிசு இவை உடலுறவால் தொற்றுவன. குடும்பப் பெண்ணுக்கு வருவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்துதான், அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சில கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், ஆகவே புருசன் இப்போது தப்புச் செய்தார் என்றும் சொல்லமுடியாது. இருவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் சுகமான பெண்ணுக்குத் திரும்ப வரும். அதற்குத்தான் கூட்டி வரச் சொல்வது, பஞ்சாயத்து வைக்க இல்லை. பங்கசுக்கு இந்தத் தேவை இல்லை, அது கணவனுக்குக் கரைச்சல் இருந்தால் மட்டும்.

முதல் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் வி.டி.ஆர்.எல். என்று ஒன்று இருக்கிறதே, அது சிபிலிசுக்குத்தான். நீங்களும் செய்திருப்பீர்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்கவில்லை. எல்லாத் தாய்க்கும் செய்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. சிபிலிசு கண்டால் பென்சதின் பெனிசிலின் ஊசி, பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். கிளமிடியா, கொனோரியா பிறக்கும் பிள்ளையின் கண்ணில் பிடிக்கும்.

போர்க்காலத்தில் பங்கருக்குள்ளும் இடம்பெயர்ந்த கொட்டிலிலும் பிள்ளை பெறவைத்த மண் இது. வெந்நீரும் சுத்தமான சீலையும் தேடி ஓடியவர்களுக்குத் தெரியும் தொற்று என்றால் என்ன என்று. இன்று எல்லாம் இருக்கும்போது மரியாதை என்று சொல்லி மூடி வைப்பது எனக்கு ஏற்காது.


நெடுங்கேணி மாமி
செவ்வாய், இரவு 9.05

சரி சரி, டெற்றோல் சொன்னதற்காக என்னையும் சேர்த்து ஏசவேண்டாம். அது அந்தக் காலம். நான் கேட்பது, நீர் கசிவதும் வெள்ளைபடுவதும் சலம் போவதும் எப்படிப் பிரித்து அறிவது? மல்லாவித் தம்பியின் மனிசிக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியுமா?


வார்ட்_அக்கா
செவ்வாய், இரவு 9.50

இது நல்ல கேள்வி மாமி, இழை தொடங்கியபோதே கேட்டிருக்கவேண்டியது.

சலம் போய் முடிந்ததும் ஒரு சுத்தமான பாட் (மாதவிடாய்க்கு வைக்கும் நாப்கின்) வைத்து, கொஞ்ச நேரம் நடந்து, இருமி, எழும்பி இருந்து பார்க்கவேண்டும். சலம் என்றால் மஞ்சள், சல மணம், அடக்கினால் நிற்கும். வெள்ளைபடுதல் பாட்டின் மேலே படிந்து நிற்கும். நீர்க்குடத்து நீர் தண்ணீராக ஊறி இறங்கும், அடக்கமுடியாது, இருமினால் இன்னும் வரும், மணம் சலம் மாதிரி இராது. பச்சையாக அல்லது மண்ணிறமாக இருந்தால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது. கெட்ட மணம் என்றால் தொற்று.

சந்தேகம் என்றால் பொறுக்கவேண்டாம், அன்றே போகவேண்டும். வலி இல்லை என்பதால் வீட்டில் இருக்கவேண்டாம், வலி இல்லாத கசிவுதான் ஆட்களை ஏமாற்றுவது. போனதும் டொக்டர் கருவி வைத்துக் கண்ணால் பார்ப்பார். நீர்க்குடம் உடைந்து வலி தொடங்காதவர்களுக்குக் கைவிட்டுப் பார்ப்பதைக் குறைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் கிருமி மேலே போக வழி. போகும்வரை உடலுறவு, தொட்டித் தண்ணீரில் இருப்பது எல்லாம் வேண்டாம். அந்த பாட்டைத் தூக்கி எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள், வெட்கம் பார்க்காமல்.

லிட்மஸ் போன்ற தாளில் பார்க்கும்போது வெஜினோசிஸ் இருந்தாலும், இரத்தம் பட்டாலும் நீர்க்குடம் போலக் காட்டும். அதனால் வீட்டில் தாள் வாங்கிச் சோதிக்கும் கெட்டித்தனம் வேண்டாம்.


முத்தையன்கட்டுப்பிள்ளை
வியாழன், மாலை 5.15

மிட்வைப் அக்காவுக்குச் செய்தி போட்டேன், நேற்று வீட்டுக்கே வந்தா. மாமியைத் தேத்தண்ணீர் போட அனுப்பிவிட்டு என்னோடு கதைத்தா. இன்று மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்வாப் எடுத்தார்கள், பங்கசுதானாம். சலக் கல்ச்சரும் போயிருக்கிறது. சீனியும் திரும்ப எடுத்தார்கள். உள்ளே வைக்கும் வில்லை தந்திருக்கிறார்கள். அப்ளிகேட்டர் ஒன்றும் இருக்கிறது. உள்ளே தள்ளும்போது பிள்ளைக்கு இடித்துவிடாதா? இதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.


வார்ட்_அக்கா
வியாழன், மாலை 6.00

இடிக்காது. பிறப்பு வழிக்கும் பிள்ளைக்கும் நடுவில் கருப்பைக் கழுத்து மூடி நிற்கிறது. ஆனால் கர்ப்பத்தில் அப்ளிகேட்டரை விட்டு விரலால் வைப்பது நல்லது. கையை வடிவாகக் கழுவி, நகம் வெட்டி, படுக்கப்போகும் முன் வை. கடி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தாதே. பருத்தி உள்ளாடை போடு, இந்த வெயிலுக்கு நைலோன் வேண்டாம். ஈரம் பிடித்தால் மாற்று.


ஒலுமடு_ரீச்சர்
வியாழன், இரவு 8.10

பிள்ளை பிறந்த பிறகும் இதே கதையா? எங்கள் பக்கம் ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல். பால் கட்டியது என்று விட்டுவிட்டு, கடைசியில் மயங்கிய பிறகுதான் கொண்டு போனார்கள்.


வார்ட்_அக்கா
வியாழன், இரவு 8.40

பிறந்த பிறகுதான் இன்னும் கவனம் ரீச்சர். நச்சுக்கொடி கழன்ற இடம் உள்ளே திறந்த புண். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வரும் மாணவர்களின் கையைக் குளோரின் கரைசலில் கழுவ வைத்தே தாய்மார் சாவைப் பெருமளவு குறைத்தார். இன்றும் தொற்றுத் தாய்மாரைக் கொல்லும் முக்கிய காரணங்களில் ஒன்று.

பால் கட்டினாலும் காய்ச்சல் வரும், உண்மை. ஆனால் 38 பாகையைத் தாண்டினால் அது பால் என்று வீட்டில் தீர்மானிக்கக்கூடாது. அடிவயிற்று நோ, போகும் இரத்தத்தில் கெட்ட மணம், தையல் வீங்கிச் சீழ், மூச்சு வேகம், கதை தடுமாறுவது, இதில் எது என்றாலும் அன்றே. 42 நாள் வரைக்கும் இந்தக் கணக்கு. மிட்வைப் முதல் 10 நாளுக்குள் வீட்டுக்கு வருவா, அவவிடம் பாட்டைக் காட்டுங்கள். மூலிகைச் சரக்குத்தண்ணீர், பத்தியம் எல்லாம் உங்கள் விருப்பம். அன்ரிபயோட்டிக் தந்தால் அதையும் போடுங்கள். துடக்கு என்று சொல்லித் தாயைக் குளிக்க விடாமல் ஓலைப்பாயில் மூலையில் வைப்பது மட்டும் வேண்டாம்.


மல்லாவி_அப்பா
வியாழன், இரவு 9.25

பொடியனின் விளக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனிசிக்கு இன்று மீன் குழம்பு வைத்துக் கொடுத்தா. கடைசியாக ஒன்று. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறோம். திரும்பவும் இப்படி நடக்குமா?


மெடிக்கல்_பொடியன்
வியாழன், இரவு 10.50

நடக்கலாம் அண்ணா, மற்றவர்களைவிடச் சாத்தியம் கூட, ஆனால் கட்டாயம் இல்லை. ஒரு தடவை குறைமாதத்தில் பெற்றவர்கள் பலர் அடுத்ததை நிறைமாதத்தில் பெறுகிறார்கள். மகன் பிறந்ததிலிருந்து அடுத்த கர்ப்பம் வரை 2 வருடம் விடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததுமே பதியுங்கள், மூன்று மாதம் போகட்டும் என்று இருக்கவேண்டாம். 16 முதல் 24 கிழமைக்குள் ஸ்கானில் கருப்பைக் கழுத்தின் நீளத்தை அளந்து பார்ப்பார்கள். குறுகியிருந்தால் புரோஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் வில்லை, சிலருக்கு அந்தக் கழுத்தில் தையல். வெள்ளைபடுதலில் மணம் மாறினாலோ சலம் எரிந்தாலோ இந்தத் தடவை யாருக்கும் காத்திருக்காமல் காட்டுங்கள். முந்தைய பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட் இருக்கும், 33 கிழமை, காய்ச்சல், என்ன மருந்து என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். முதல் கிளினிக்கிலேயே அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.